எந்த ஸ்டோர் என்று கேட்காத கட்டளை

சென்ற மாதம் நிரோஷா தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். ஹட்டனில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த அதே கணினிப் பிரிவில், அதே ஜன்னலோர மேசையில் இப்போது அவள் இருக்கிறாள். புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று கேட்டதும் நிரல் எழுதிக் கொடுக்கிறதாம். அது எழுதிய பக்கத்தில் பாதிக்கு மேல் மெத்தட்கள் 'ஸ்டாடிக்' என்றே வந்திருக்கின்றன. ஓட்டிப் பார்த்தால் சரியாகத்தான் ஓடுகிறது. "ஓடுதுல்ல மிஸ், அப்புறம் எதுக்கு நீங்க பழைய நிரல்ல அந்த ஒண்ண மட்டும் அப்ஸ்ட்ராக்ட்டா எழுதி வச்சிருக்கீங்க? மாத்தவா வேணாமா?" என்றாள்.

மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். காரணம் தொலைபேசியில் சொல்லி முடிகிற அளவு இல்லை. அன்று மாலை, நாட்குறிப்பாக எழுதி வைத்த என் பழைய தடித்த அட்டைக் குறிப்பேடுகளை, சீ.ஆர். கொப்பிகளை, எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒன்றாக எழுதி வந்திருக்கிறேன். எந்த பஸ், என்ன வேலை, யார் என்ன சொன்னார் என்ற மூன்று மட்டும் இருக்கும். மனத்தில் பட்டதை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. பதினேழாவது கொப்பியில் தேடியது கிடைத்தது. நிரோஷாவுக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயர்தரப் பரீட்சை முடித்து, கண்டியில் ஒரு வருடக் கணினிப் பயிற்சி. பிறகு பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனியின் ஹட்டன் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கணினிப் பிரிவு தொடங்கியபோது, தட்டச்சில் பிழை விடாதவள் என்ற ஒரே தகுதியில் என்னை அங்கே மாற்றினார்கள். நிரல் எழுதுவதை வேலையிலேயே கற்றேன்.

பிரிவின் தலைவர் சபாபதி சார். ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கடை வேண்டாம் என்று இந்தப் பக்கம் வந்தவர். அவரிடம் நிரலைக் காட்டும் முறை மாறவே மாறாது. திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். காகிதத்தில் அச்சடித்து, வரிகளுக்கு எண் போட்டு, அவர் மேசையின் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். தேநீர் ஆறும் வரை தொட மாட்டார். பிறகு பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து மெல்லிய குரலில் வாசிப்பார். பிடிக்காத இடத்தில் பிழை என்று புள்ளடி போட மாட்டார். சிறு வட்டம் ஒன்று போட்டுவிட்டு மேலே போய்விடுவார். வாசித்து முடித்ததும் வட்டம் போட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இந்தப் பதில் யாரோடதும்மா?"

முதல் வருடம் அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. கணினி தரும் பதில் கணினியுடையதுதானே என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். "கம்ப்யூட்டருக்குச் சொந்தமா ஒண்ணும் கெடையாது. வெக்கமும் கெடையாது. கேட்டதுக்குச் சொல்லும், அவ்வளவுதான். நீ யாரக் கேக்கச் சொல்லி எழுதியிருக்கன்னுதான் நான் கேக்குறேன்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்கு அப்போது எங்கள் பிரிவின் கீழ் நான்கு ஸ்டோர்கள் இருந்தன. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். திம்புள்ளப் பக்கம் இரண்டு, பொகவந்தலாவையில் ஒன்று, பட்டிப்பொல பக்கம் மேலே ஒன்று. பறித்து வந்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். நீளமான தொட்டியில் கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியில் விசிறி வைத்துக் காற்று ஓட்டுவார்கள். மாலை நான்கு மணிக்குப் பரப்பினால் மறுநாள் காலையில் வாடி முடியும், பிறகு உருட்டும் இயந்திரத்துக்குப் போகும். வாட்டம் போதாமல் உருட்டினால் தேயிலையில் பச்சை வாடை நிற்கும், கூடினாலும் குணம் போய்விடும். போதுமா இல்லையா என்று சொல்பவர் டீமேக்கர். அவர் கொழுந்தை ஒரு கை அள்ளி உருண்டையாகப் பிடித்து, பிறகு கையைத் திறப்பார். உருண்டை மெதுவாக அவிழ வேண்டும். காம்பை மடக்கினால் ஒடியக் கூடாது. பிறகு முகர்ந்து பார்ப்பார். இவ்வளவுதான் முறை.

வாட்டம் முடியும் நேரத்தைக் கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கம்பெனி விரும்பியது. தொட்டியின் பக்கத்தில் ஈர வெப்பமானியும் உலர் வெப்பமானியும் தொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை அதைக் கணினியில் பதிவார்கள். பரப்பிய நேரம், விசிறி ஓடிய நேரம் இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, இத்தனை மணிக்கு உருட்டலாம் என்று திரையில் காட்டும் நிரலை எழுதும் வேலை எனக்கு வந்தது.

இங்கே புதியவர்களுக்காகச் சில சொற்களைச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் என்பது கம்பெனி அச்சடித்த வெற்றுப் படிவம் போன்றது. ஒரு ஸ்டோருக்கென்று அதை நிரப்பி எடுத்தால் அது ஆப்ஜெக்ட், அதாவது பொருள். படிவம் ஒன்று, நிரப்பிய தாள்கள் நான்கு. மெத்தட் என்பது ஒரு வேலையைச் செய்வதற்கான கட்டளைத் தொகுப்பு. சாதாரண மெத்தட்டை ஒரு குறிப்பிட்ட பொருளிடம் கேட்கிறோம். திம்புள்ள ஸ்டோரே, உன் தொட்டிகள் எத்தனை என்கிற மாதிரி. ஸ்டாடிக் மெத்தட் அப்படி இல்லை. அது படிவத்தின் பின்பக்கம் அச்சடித்த அட்டவணை. எந்த ஸ்டோரின் தாள் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கிளாஸின் பெயரைச் சொல்லியே அதைக் கூப்பிடலாம். எங்கள் இரண்டு ஸ்டோர்களில் வெப்பமானிகள் பழைய பாரன்ஹைட் அளவில் இருந்தன. அதைச் செல்சியஸுக்கு மாற்றும் மெத்தட்டை ஸ்டாடிக்காக எழுதினேன். அது இன்றும் அப்படியே இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பாகை மாற்றுவதற்கு எந்த டீமேக்கரையும் கேட்க வேண்டியதில்லை.

முடிவு நேரத்தையும் நான் ஸ்டாடிக்காகவே எழுதினேன். தேயிலை பற்றிய ஒரு கையேட்டிலிருந்து சூத்திரத்தை எடுத்து, திம்புள்ள ஸ்டோர் ஒன்றின் பழைய பதிவுகளோடு ஒத்துப் பார்த்தேன். பொருந்தியது. சபாபதி சார் அந்த இடத்தில் வட்டம் போட்டார். திரும்பி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எல்லா ஸ்டோருக்கும் ஒண்ணுதான் சார்" என்றேன். வட்டத்துக்குள் தன் கையொப்பத்தைச் சுருக்கமாகப் போட்டார். நான் நான்கு ஸ்டோர்களில் ஒன்றைத்தான் ஒத்துப் பார்த்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்று ஸ்டோர்களில் நிரல் ஒரு வருடம் ஓடியது. நான்காவதாக மேல் ஸ்டோருக்குக் கொண்டு போனோம். ஹட்டனில் ரயில் ஏறி, தலவாக்கலை, நானுஓயா தாண்டி, பட்டிப்பொலயில் இறங்கி, தோட்டத்து ஜீப்பில் அரை மணி நேரம் போக வேண்டும். அங்கே டீமேக்கர் அந்தோணிமுத்து ஐயா. அந்த ஸ்டோரிலேயே முப்பத்தொரு வருடம். என் சூத்திரத்தைக் காட்டியதும், மூடுபனி எங்கே என்று கேட்டார்.

"எங்க ஸ்டோர்ல மூணு மணிக்கெல்லாம் பனி உள்ளுக்கு வந்திரும் மிஸ். கீழ இருக்கிறவங்க சூட்டுக் காத்து குடுத்து சமாளிச்சிருவாங்க. எங்க அடுப்பு பழசு, மேல் தட்டுத் தொட்டிக்குச் சூடு எட்டாது. ரெண்டு பாகைக்குக் கொறஞ்சா அந்த மணி நேரத்த நான் கணக்குலயே எடுக்கிறதில்லீங்க. வெசிறி ஓடும், கொழுந்து அப்படியே படுத்துக் கெடக்கும்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசம் இரண்டு பாகைக்குக் குறைந்த மணிகளை வாட்ட நேரத்தில் சேர்க்கக் கூடாது. கம்பெனி முறைப்படி, தனி விதி சொல்லும் டீமேக்கர் அதற்கு ஒரு தாளில் கையொப்பமிட வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இரண்டு முறை வாசித்து, முழுப் பெயரையும் எழுதினார். திரையில் நேரத்துக்குக் கீழே விதி சொன்னவரின் பெயரும் வரும் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற உருட்டும் பகுதி ஆட்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "இனிமே ஐயா கைய வீட்லயே வச்சிட்டு வரலாம்" என்றார். அந்தோணிமுத்து ஐயாவும் சிரித்தார்.

ஹட்டனுக்குத் திரும்பி வந்து, 'ஸ்டோர்' என்ற தாய்க் கிளாஸின் கீழ், மற்ற மூன்று ஸ்டோர்களுக்கும் இருந்தது போல, 'மேல்ஸ்டோர்' என்று ஒரு துணைக் கிளாஸ் எழுதினேன். அதில் முடிவுநேரம் என்ற அதே பெயரில், அதே ஸ்டாடிக்காக, ஐயாவின் விதியை எழுதினேன். சோதித்தேன். மேல்ஸ்டோர் என்று பெயர் சொல்லிக் கேட்டால் அவருடைய விதிப்படி பதில் வந்தது. பன்னிரண்டு மாதிரிக் கணக்குகள், பன்னிரண்டும் சரி. கொப்பியில் 'சோதனை முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து வந்தது பனிக்காலம். மூன்று வாரம் கழித்துக் கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்களிடமிருந்து மேல் ஸ்டோருக்குக் குறிப்பு வந்தது: பச்சை வாடை. அடுத்த வாரமும் அதே குறிப்பு. மூன்றாவது வாரம் பெரிய தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், விசாரணைக்கு நாள் குறித்தார். கணினிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் திரை சொன்ன மணிக்கே உருட்டியிருந்தார்கள். திரையில் அந்தோணிமுத்து என்ற பெயர் இருந்தது. கையொப்பமிட்ட தாளும் இருந்தது. ஆகவே விதி தவறு, விதியைச் சொன்னவர் தவறு என்று விசாரணைக்கு முன்பே முடிவாகியிருந்தது. அவரை டீமேக்கர் பதவியிலிருந்து இறக்கி, பொகவந்தலாவை ஸ்டோருக்கு உதவியாளராக அனுப்பப் போவதாகத் தகவல் வந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்த மனிதர். ஸ்டோருக்கு மேலே இருந்த குவார்ட்டர்ஸையும் விட வேண்டும்.

விசாரணைக்காக விதியின் அச்சுப் பிரதி ஒன்றை அனுப்பும்படி எங்களுக்குக் கடிதம் வந்தது. அச்சடித்து அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். வாசிப்பவர்களுக்கு விளங்கட்டும் என்று ஒரு உதாரணக் கணக்கையும் இணைக்க நினைத்தேன். பனி அதிகமாக இருந்த ஒரு நாளின் பதிவை எடுத்து, ஐயாவின் விதிப்படி பென்சிலால் கணக்கிட்டேன். பரப்பியது மாலை நான்கு மணி. சேர்க்கக் கூடாத பனி மணிகளை எண்ணாமல் விட்டால், பரப்பியதிலிருந்து பதினேழரை மணி நேரம் வேண்டும். மறுநாள் காலை ஒன்பதரைக்கு முடியும். பதிவில் காலை ஆறு என்று இருந்தது. பதினான்கு மணி நேரம். அது என் பழைய சூத்திரத்தின் விடை.

கூட்டலில் தவறு என்று நினைத்து மீண்டும் செய்தேன். பிறகு வேறு நான்கு நாட்களுக்குச் செய்தேன். ஐந்து நாளிலும் திரை என் சூத்திரத்தையே காட்டியிருந்தது. ஐயாவின் விதி ஒரு நாள்கூட ஓடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. திரைக்கு நேரத்தைக் கொண்டு வரும் இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்:

ஸ்டோர்.முடிவுநேரம்(தொட்டி)

தாய்க் கிளாஸின் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறேன். சாதாரண மெத்தட்டாக இருந்து, பொருளிடம் கேட்டிருந்தால், துணைக் கிளாஸ் தன் சொந்தப் பதிலைக் கொடுத்திருக்கும். நாங்கள் எழுதிய மொழியில் ஸ்டாடிக் மெத்தட்டுக்கு அந்த வழி கிடையாது. துணைக் கிளாஸில் அதே பெயரில் எழுதினாலும் அது பழையதை மாற்றாது. இரண்டும் தனித்தனியாக இருக்கும். எந்தக் கிளாஸின் பெயரால் கூப்பிடுகிறோமோ அதுவே பதில் சொல்லும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது, எழுதியவளுக்கு எச்சரிக்கையும் வராது. சோதனையில் நான் மேல்ஸ்டோரைப் பெயர் சொல்லிக் கேட்டேன், சரியான பதில் வந்தது. வேலையில் கேட்டது ஸ்டோரை.

பெயர் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்றும் பார்த்தேன். விதி சொன்னவர் பெயரைத் தரும் மெத்தட்டைச் சாதாரணமாக எழுதி, பொருளிடம் கேட்டிருந்தேன். ஆகவே பெயர் மேல் ஸ்டோரிலிருந்து வந்தது, நேரம் தாய்க் கிளாஸிலிருந்து வந்தது. என் கணக்குக்குக் கீழே அவர் பெயர் நின்றது.

அச்சுப் பிரதியையும் பென்சில் கணக்கையும் சபாபதி சாரின் மேசையில் இடது ஓரத்தில் வைத்தேன். தேநீர் ஆறும் வரை காத்திருந்தார். வாசித்தார். அந்த ஒரு வரிக்கு வட்டம் போட்டார். பழைய கோப்பை எடுத்து, ஒரு வருடத்துக்கு முன் தான் கையொப்பமிட்ட வட்டத்தையும் பார்த்தார். கேள்வியைக் கேட்கவில்லை. "விசாரணையில நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்றேன் சார்."

"தொழில்நுட்பக் கோளாறுன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. அதையும் நீ தெரிஞ்சு வச்சிக்கணும்னு சொல்றேன்."

அப்படிச் சொன்னால் ஐயா மேல் விழுந்த பழி பாதிதான் நீங்கும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு பென்சிலைக் கூராக்கத் தொடங்கினார். மறுநாள் இருவரும் ரயில் ஏறினோம்.

தொரையின் அலுவலக வாசல் பெஞ்சில் அந்தோணிமுத்து ஐயா உட்கார்ந்திருந்தார். வெளுத்த கோட்டு, மடியில் தொப்பி. என்னைக் கண்டதும் எழுந்தார். நான் பேசுவதற்குள் அவர் பேசிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மிஸ். நான் சொன்ன கணக்குல எங்கயோ பெசகிப் போச்சு போல. ஒங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திட்டேன்."

இந்த வாக்கியத்தை அன்றைய கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

அறையில் தொரை, கொழும்பு தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், ஐயா, நாங்கள் இருவர். தொரை சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் விசாரணையில் ஆங்கிலத்தில்தான் தொடங்குவார். ஐயாவிடம் தாளைக் காட்டி, இந்த விதியை நீர்தான் சொன்னீரா என்று கேட்டார். ஐயா ஆம் என்றார். இது உம் கையொப்பமா? ஆம். அப்போது நான் எழுந்து, அந்த விதி இதுவரை ஒரு நாளும் பயன்படுத்தப்படவில்லை என்று சொன்னேன். ஐந்து நாள் கணக்கையும் மேசையில் வைத்தேன்.

தொரை நேரம் எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் பிழையா என்று கேட்டார். இல்லை, நான் எழுதிய பிழை என்றேன். ஐயாவின் விதி நிரலில் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்காமல் என்னுடைய விதியைக் கேட்கும்படி எழுதிவிட்டேன் என்று விளக்கினேன். கொழும்பிலிருந்து வந்தவர் அந்த வரியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவருக்கு விளங்கியது. அவர் குறிப்பெழுதிக்கொண்டார்.

அப்போதுதான் சபாபதி சார் தன் கேள்வியைக் கேட்டார். தொரைக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல்.

"திரையில வந்த ஆறு மணி. அந்தப் பதில் யாரோடது?"

"என்னோடது சார்."

தொரை ஐயாவின் பக்கம் திரும்பினார். இப்போது தமிழில் கேட்டார். முப்பத்தொரு வருட டீமேக்கர் கொழுந்தைத் தொட்டுப் பார்க்கவில்லையா, கைக்குத் தெரியவில்லையா? அது நியாயமான கேள்வி. நானும் அதற்கான பதிலை அறிய விரும்பினேன்.

ஐயா தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பாத்தேங்க தொரை. தெனமும் பாத்தேன். கை பச்சைன்னுதாங்க சொல்லிச்சு. ஆனா திரையில எம் பேரு இருந்திச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்த கணக்கு. என் கணக்க நானே மீறினா, அப்ப எதுக்குக் குடுத்தன்னு கேப்பாங்கள்ல? வயசாயிருச்சு, கைதான் மரத்துப் போச்சோன்னு நெனச்சிக்கிட்டேன். ரெண்டாவது வாரத்துல இருந்து தொட்டுப் பாக்கிறதயே விட்டுட்டேங்க."

கொழும்பிலிருந்து வந்தவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. அந்தோணிமுத்து ஐயாவின் இடமாற்றம் ரத்து. கை ஒன்றும் திரை ஒன்றும் சொன்னால் கைப்படி நடந்து, காரணத்தைப் பதிய வேண்டும் என்று அதில் அவருக்கு ஒரு குறிப்பும் இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். சபாபதி சாருக்கும் ஒன்று. அவர் தன்னுடையதை என்னிடம் காட்டி, "ரெண்டும் ஒரே ஆளு டைப் பண்ணினது. ஒனக்கு மட்டும் எழுத்துப் பிழை இல்லாம பண்ணியிருக்கான்" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசிய நாட்கள் குறைவு, அதனால் அதையும் குறித்து வைத்தேன்.

பிறகு நிரலைத் திருத்தினேன். நிரோஷா கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தாய்க் கிளாஸில் இருந்த என் சூத்திரத்தை முழுக்க அழித்தேன். முடிவுநேரம் என்ற மெத்தட்டின் பெயரை மட்டும் வைத்து, அதற்கு முன்னால் அப்ஸ்ட்ராக்ட் என்று எழுதினேன். அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்டுக்கு உள்ளே கட்டளை எதுவும் இருக்காது. படிவத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, 'இதை ஒவ்வொரு ஸ்டோரும் கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்று அச்சடித்த மாதிரி. நிரப்பாத படிவத்தைக் கணினி ஏற்காது. அப்படிப்பட்ட தாய்க் கிளாஸிலிருந்து நேரடியாகப் பொருள் எதையும் உருவாக்கவும் முடியாது. திரைக்கு நேரம் கொண்டு வரும் இடத்தில், கிளாஸைக் கேட்பதை விட்டு, அந்தந்த ஸ்டோரின் பொருளைக் கேட்கும்படி மாற்றினேன். மேல்ஸ்டோரில் ஐயாவின் விதிக்கு முன்னால் இருந்த ஸ்டாடிக் என்ற சொல்லையும் எடுத்தேன். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்தில் கட்ட முயன்றபோது, பிழை காட்டும் மூன்று சிவப்பு வரிகள் வந்தன. திம்புள்ள ஒன்று, திம்புள்ள இரண்டு, பொகவந்தலாவை. மூன்றும் முடிவுநேரத்தை நிரப்பவில்லை.

ஒரு வருடமாக அந்த மூன்று ஸ்டோர்களுக்கும் என் சூத்திரத்தைப் போட்டு ஓட்டியிருந்தேன். மூன்று டீமேக்கர்களில் ஒருவரையும் நான் கேட்டதில்லை. எல்லா ஸ்டோருக்கும் ஒன்றுதான் என்று சபாபதி சாரிடம் சொன்னது யாரையும் கேட்காமல் சொன்னது. ஸ்டாடிக் என்று எழுதியிருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழைய சூத்திரத்தை மூன்று இடத்திலும் ஒட்டியிருந்தால் சிவப்பு வரிகள் ஐந்து நிமிடத்தில் போயிருக்கும். சபாபதி சார் திரையைப் பார்ப்பதில்லை என்றாலும் அன்று என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "மூணு டிக்கெட்டுக்கு எழுதிக் குடு" என்றார்.

மூன்று பயணம் போனேன். திம்புள்ள முதல் ஸ்டோரின் டீமேக்கர் என் சூத்திரத்தை வாசித்து, சரிதான், தன் பழக்கமும் இதுதான் என்றார். அதில் வியப்பில்லை. நான் ஒத்துப் பார்த்த பதிவுகள் அவருடையவை. இரண்டாவது ஸ்டோரில் வேறு பதில். மழையில் நனைந்து வந்த கொழுந்துக்கு முதல் இரண்டு மணி நேரம் மேல் தண்ணீர் உலரத்தான் போகும், வாட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்றார். ஒரு வருடமாகத் திரை சொன்னதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அது சொல்றத ஒரு பக்கம் எழுதிட்டு, நாங்க செய்யிறத செஞ்சிக்கிட்டோம் மிஸ். நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார். பொகவந்தலாவை டீமேக்கரின் பதில் என் சூத்திரமேதான், ஒரு மாற்றமும் இல்லை.

ஆகவே நான்கு கிளாஸ்களில் இரண்டில் ஒரே சூத்திரம் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது. கருவி அதை வீண் என்று காட்டலாம். நிரோஷா, அதைக் கண்டுதான் நீ கேட்டிருப்பாய். கணக்கிடும் வரிகளைப் பொதுவான ஒரு இடத்தில் வைத்து இருவரும் அங்கிருந்து எடுக்கும்படி மாற்றலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கூட்டல் கழித்தல் யாருடையதும் அல்ல, அதை ஸ்டாடிக்காகவே வைத்துக்கொள். ஆனால் எந்தக் கணக்கைப் பயன்படுத்துவது என்ற பதிலை அந்தந்த ஸ்டோர்தான் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஸ்டோர் ஒன்று நாளைக்கு வந்தால், அதன் டீமேக்கரைக் கேட்கும் வரை நிரல் கட்டப்படக் கூடாது. அந்தச் சிவப்பு வரி அதற்காகத்தான். மொழிக்கு மொழி விதிகள் சற்று மாறும். நீ எழுதும் மொழியில் எப்படி என்று பார்த்துக்கொள்.

திருத்திய நிரலை மேல் ஸ்டோரில் போட்ட மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். முந்திய நாள் நல்ல பனி. மாலை நான்குக்குப் பரப்பிய தொட்டி. திரையில் 9.30 என்று வந்தது, கீழே அந்தோணிமுத்து என்ற பெயர். இந்த முறை இரண்டும் அவருடையவை. ஒன்பதரைக்கு அவர் மேல் தட்டுக்கு ஏறி வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு தொட்டிக்குப் போய் ஒரு கை அள்ளிப் பிடித்து விட்டார். உருண்டை அவிழ்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காம்பை மடக்கினார், முகர்ந்தார்.

"இன்னும் ஒரு அரை மணி நேரம் இருக்கட்டும் மிஸ்."

விதி தவறா என்று கேட்டேன். விதி சரிதான் என்றார். காரணம் பதியும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கைன்னு போடுங்க" என்றார். அப்படியே பதிந்தேன்.

அன்றைய கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்: காலை ரயில் இல்லை, முந்திய நாளே வந்து தங்கினேன். மேல் ஸ்டோர், மூன்றாம் தொட்டி. விதிப்படி 9.30. கைப்படி 10.00. உருட்டியது 10.00.